பரமண்டலமா, விண்ணுலகமா? செபச் சொற்களின் வழக்கு

1544இல் முத்துக்குளித்துறையில் ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார், தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது ‘எனக்கு வேணும்’ என்று வருகிறதே, அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லைப் போடும்படி கேட்கிறார். வேணும் என்றால் ஆசைப்படுவது. கிறிஸ்தவனிடம் கேட்கப்படுவது நம்புவது. கையோடு இன்னொரு திருத்தமும் உண்டு. கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்தில் வலுக்கட்டாயத்தால் என்று பொருள்படும் ஒரு சொல் புகுந்துவிட்டது. அவர் தாமாக ஏற்றுப் பாடுபட்டவர், ஆகவே அந்தச் சொல்லும் போக வேண்டும்.

சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த ஆட்களைக் கூட்டி உட்காரவைத்துச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, அதை உருப்போட்டுக்கொண்டு, மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். பிழை நேர்ந்ததில் வியப்பில்லை. அது தெரிந்ததும் திருத்தக் கடிதம் எழுதினார் பாருங்கள், அங்கேதான் நம்முடைய கேள்வி தொடங்குகிறது. அதுவரை ‘வேணும்’ என்றே ஓதிய பரதவர் வீட்டுப் பிள்ளைகளின் செபம் செல்லுமா, செல்லாதா? இறையியலார் ஒரு பதில் வைத்திருப்பார்கள். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் கேட்டு வளர்ந்த காதுக்கோ, கடவுள் எனக்கு வேண்டும் என்பது நம்புகிறேன் என்பதற்கு ஒரு படி குறைந்ததாகவே படாது.

மேலே போவதற்கு முன் ஒன்று. இந்தக் கட்டுரையில் ‘செபம்’ என்று எழுதுகிறேன். இது கத்தோலிக்கர் வழக்கு. சீர்திருத்த சபையார் ‘ஜெபம்’ என்பார்கள். செபத்தைக் குறிக்கும் சொல்லிலேயே நாம் இரண்டு கட்சி. ஏதாவது ஒன்றில்தானே எழுத முடியும்.

செபத்தின் சொற்களை மாற்றக்கூடாது என்பவர்களும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்பவர்களும் பெரும்பாலும் ஒரே அனுமானத்தில் நிற்கிறார்கள். எங்கோ ஒரு மூலப்பாடம் இருக்கிறது, அதிலிருந்து நாம் விலகிவிட்டோம் அல்லது விலகப்போகிறோம் என்பது அது. கிறிஸ்தவ செபங்களிலேயே முதன்மையானதை எடுத்துப் பார்த்தால் இந்த அனுமானம் நிற்காது. இயேசு கற்பித்த செபம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில் ஒரு வடிவத்திலும், லூக்காவின் 11ஆம் அதிகாரத்தில் அதைவிடக் குறுகிய வேறொரு வடிவத்திலும் இருக்கிறது. லூக்காவின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் தந்தை ‘வானத்தில் இருக்கிறவர்’ அல்லர், வெறும் தந்தைதான். இறைச் சித்தம் நிறைவேறட்டும் என்ற வேண்டுதலே அங்கு இல்லை. ‘திதாக்கே’ என்ற மிகப் பழைய சபை ஒழுங்கு நூல், இந்தச் செபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. அது தருவது மத்தேயுவை ஒட்டிய வடிவம், ஆனால் முடிவில் வல்லமையும் மகிமையும் கூடுதலாக வருகின்றன. இயேசு பேசியது அரமேயம். நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பாடமோ கிரேக்கம். ஆக, முதல் வடிவமே மொழிபெயர்ப்பு, அதுவும் ஒன்றுக்கு மேல்.

கடனா, பாவமா, குற்றமா என்ற நெடுங்காலச் சச்சரவு இங்கேதான் முளைத்தது. மத்தேயு ‘கடன்கள்’ என்கிறார். லூக்கா ‘பாவங்கள்’ என்று தொடங்கி, அதே மூச்சில், எங்களுக்குக் கடன்பட்டவர்களை நாங்களும் மன்னிக்கிறோம் என்று முடிக்கிறார். அரமேயத்தில் ‘ஹோபா’ என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும் வரும் என்பதை அறிந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். ஆனால் ஆங்கில உலகில் இதை வைத்தே ஒருவர் எந்தச் சபை என்று கண்டுபிடித்துவிடலாம். ஸ்காட்லாந்து மரபுப் பிரஸ்பிட்டேரியர் ‘கடன்’ என்பார்கள். ஆங்கிலிக்கன் சபையார் டிண்டேல் 1526இல் போட்ட, அத்துமீறல் என்று பொருள்படும் சொல்லை 1549இன் பொது செபப்புத்தகம் வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை கத்தோலிக்கர் கதை. அவர்கள் 1582இல் ரைம்ஸ் நகரில் வெளியிட்ட தங்கள் சொந்த ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் ‘கடன்’ என்றே இருக்கிறது. ஆனால் இன்றுவரை ஆங்கிலக் கத்தோலிக்கர் வாயில் இருப்பது எதிரணியின் ‘அத்துமீறல்’. சபைகள் ஒன்றையொன்று சிறையில் தள்ளிய காலத்திலும் செபச் சொல் மதில் தாண்டிப் போய்வந்திருக்கிறது.

உணவைப் பற்றிய வரியின் கதை இன்னும் விசித்திரம். கிரேக்கத்தில் உணவுக்கு அடையாக வரும் ‘எபியூசியோஸ்’ என்ற சொல்லை நற்செய்தியாளர்களே உருவாக்கியிருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் எழுதிவிட்டார். அவர் அறிந்த கிரேக்கத்தில் வேறெங்கும் அதைக் காணவில்லை. எரோணிமுஸ் இலத்தீனாக்கியபோது மத்தேயுவில் ‘பொருண்மைக்கு மேற்பட்ட’ உணவு என்றும் லூக்காவில் ‘அன்றாட’ உணவு என்றும் போட்டார். ஒரே கிரேக்கச் சொல், ஒரே ஆள், இரண்டு மொழிபெயர்ப்பு. எபிரேயர் நற்செய்தி என்ற நூலில் அந்த இடத்தில் ‘நாளைக்குரிய’ என்று இருந்ததாகவும் அவரே குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். இன்றைக்கு வேண்டியதா, நாளைக்கு வேண்டியதா, நற்கருணையா என்று தீர்மானமாகாமலேயே கிறிஸ்தவ உலகம் அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தமிழில் சீர்திருத்த சபையார் ‘வேண்டிய ஆகாரம்’ கேட்கிறார்கள், பழைய கத்தோலிக்க செபம் ‘அனுதின உணவை’க் கேட்டது, பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் நடையில் அது ‘அன்றாட உணவு’. எவர் தட்டிலும் வேறுபாடு தெரியவில்லை.

கடைசியில் வரும் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ பற்றி ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது: சீர்திருத்தக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள், அல்லது கத்தோலிக்கர் வெட்டிவிட்டார்கள். இரண்டும் தவறு. சினாய், வத்திக்கான் கையெழுத்துப் படிகளில் அது இல்லை. இலத்தீன் விவிலியத்திலும் இல்லை. பிந்திய கிரேக்கப் படிகளில் உண்டு. ஆங்கிலிக்கரின் 1549 செபப்புத்தகத்தில்கூட அது கிடையாது. 1662 பதிப்பில்தான் ஏறியது. சீர்திருத்தப்பட்ட கத்தோலிக்கத் திருப்பலியிலோ 1969 முதல், குருவின் இடைச்செபம் ஒன்று முடிந்ததும் மக்கள் அதைச் சொல்கிறார்கள். இதை வைத்துச் சண்டை போட இனி இரு தரப்புக்கும் சரக்கில்லை.

உண்மையில் கனமான வேறுபாடு ‘சோதனை’ வரியில் இருக்கிறது. கிரேக்கம் சொல்வது, எங்களைச் சோதனைக்குள் கொண்டுபோகாதேயும் என்பதை ஒட்டியது. கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை என்று யாக்கோபின் நிருபம் சொல்லும்போது, கொண்டுபோகாதே என்று அவரிடமே கெஞ்சுவது எப்படி? பிரான்சில் 1966இல் கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் கூடி ஒரு பொது வடிவத்தை ஏற்றார்கள். அதில் ‘எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்’ என்ற பொருளில் வரி அமைந்தது. அரை நூற்றாண்டு முணுமுணுப்புக்குப் பிறகு 2017 டிசம்பர் 3 முதல் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் அதை ‘சோதனைக்குள் நுழையவிடாதேயும்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அதே மாதத்தில் போப் பிரான்சிஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பிள்ளையைச் சோதனைக்குள் தள்ளிவிட்டு எப்படி விழுகிறான் என்று வேடிக்கை பார்க்கும் தகப்பன் இல்லை என்ற கருத்தில் பேசினார். இத்தாலியில் 2020 நவம்பரில் புதிய திருப்பலி நூலோடு வரி மாறியது. ஜெர்மன் ஆயர்கள் 2018 ஜனவரியில் மாற்ற மறுத்துவிட்டார்கள்.

இந்த விவகாரத்தில் தமிழின் நிலை சுவையானது. பழைய கத்தோலிக்கத் தமிழ்ச் செபம் ‘சோதனையில் விழவிடாதேயும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 2017இல் நெருங்கி வந்த இடத்தில் நம் பாட்டிமார் எப்போதோ உட்கார்ந்திருந்தார்கள். போர்த்துக்கீசியச் செபத்திலும் இந்த வரி விழவிடாதே என்றே இருக்கிறது. தமிழில் கத்தோலிக்க செபங்களுக்கு முதல் அச்சு கண்டவர்கள் போர்த்துக்கீசியர் என்பதையும், 1554இல் லிஸ்பனில் அச்சான சிறு நூலில் தமிழ் ரோமன் எழுத்தில் போர்த்துக்கீசியத்தோடு அடுத்தடுத்து நின்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘விழவிடாதேயும்’ எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல. பழைய பிரெஞ்சுச் செபமும் சோதனைக்கு இணங்கிப்போக விடாதேயும் என்றே கேட்டது. ஆக, கல்வியில்லாதவர்களின் வாய்க்கென்று செய்யப்பட்ட பழைய வடிவங்கள் தகப்பன் மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டன. மூலத்துக்குத் திரும்புகிறோம் என்று வந்த அறிஞர்கள்தான் அதைக் கலைத்தார்கள். சீர்திருத்த சபையாரின் ‘உட்படப்பண்ணாமல்’, திருவிவிலியத்தின் ‘உட்படுத்தாதேயும்’ இரண்டும் கிரேக்கத்துக்கு நெருக்கம். ஆனால் பிரான்ஸ் கைவிட்ட திசையில் நிற்கின்றன.

இங்கே நம் ஊரில் ஏன் யாரும் போராடவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் இது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அந்தச் சொல் முதலில் பாவத்துக்கான தூண்டுதலையே நினைவூட்டும். தமிழ்ச் ‘சோதனை’ பரீட்சை, இடர் இரண்டுமாக நிற்கிறது. கடவுள் அடியாரைச் சோதிப்பது இந்த மண்ணில் அவதூறே அல்ல. சிறுத்தொண்டரிடம் பிள்ளைக்கறி கேட்டு வந்த சிவனைப் பற்றிக் கேட்டு வளர்ந்த சமூகத்தில், ஐயா, என்னை அப்படிச் சோதித்துவிடாதே என்று வேண்டுவது மிக இயல்பான செபம். ஒரே வரி ஒரு மொழியில் இறைநிந்தையாகவும் இன்னொரு மொழியில் பக்தியாகவும் ஒலிக்கிறது என்றால், ரோமாபுரியிலிருந்து எல்லா மொழிக்கும் ஒரே விடை வர வேண்டியதில்லை.

மரியாள் செபத்தில் வழக்கு வேறு மாதிரி. லூக்காவில் வானதூதர் சொல்லும் வாழ்த்தை இலத்தீன் ‘அருள் நிறைந்தவளே’ என்று ஆக்கியது. 1530இல் மொழிபெயர்ப்பு பற்றி எழுதிய மடலில் லூத்தர் அதைக் கேலி செய்தார்: நிறைந்தது என்றால் ஜெர்மானியனுக்குப் பீர் நிறைந்த பீப்பாயோ காசு நிறைந்த பையோதான் ஞாபகம் வரும் என்று. கேலிக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருந்தது. அருள் அவரிடம் நிறைந்து பிறருக்கு வழிகிறதா, அல்லது அவர் அருளைப் பெற்றவர் மட்டுமா? தமிழில் பழைய செபம் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றது. பிரியமாய்க் கொடுக்கப்பட்டது என்று சொல்லைப் பிரித்தால் பொருள் மிக அழகு. அப்படிப் பிரித்துப் பார்த்துச் செபமாலை சொன்னவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பது சந்தேகமே. பின்னர் ‘அருள் நிறைந்த மரியே’ வந்தது. இந்த மாற்றத்தில் இறையியல் ஏதும் புரளவில்லை. இன்னொன்று புரண்டது. ‘ஆசீர்வதிக்கப்பட்டவள்’ என்றிருந்தது ‘ஆசீர்வதிக்கப்பட்டவர்’ ஆயிற்று, பிறகு ‘ஆசி பெற்றவர்’. கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் தெரியாத ஒரு கவலை இது. ‘நீரே’ என்று மரியாதையாக அழைத்துவிட்டு ‘அவள்’ என்று முடிப்பது மாறிவரும் தமிழ்க் காதுக்கு உறுத்தியது. சீர்திருத்த சபையாரின் வேதாகமத்தில் வானதூதர் மரியாளை ‘உன்’ என்றே பேசுகிறார். தாயை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதை அந்த ஒற்றைச் சொல் காட்டிவிடுகிறது.

விசுவாசப் பிரமாணத்துக்கு வரும்போது, சொல் முக்கியமே இல்லை என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் வராது. 325இல் நிசேயாவில் மகன் தந்தையோடு ‘ஒரே பொருளானவர்’ என்று வைத்தார்கள். பிற்பாடு ஒரு சாரார் ‘ஒத்த பொருளானவர்’ என்றார்கள். கிரேக்கத்தில் வேறுபாடு ஐயோட்டா என்ற ஒரு சிற்றெழுத்து. ஓர் எழுத்துக்காக ஒரு பேரரசே அடித்துக்கொண்டது என்று பின்னாளில் நகைத்தவர்கள் உண்டு. ஓர் எழுத்துத்தான் கொலைக்கும் கலைக்கும் நடுவே நிற்கிறது, ஆகையால் அந்த நகைப்பு சரியான வாதமல்ல. கவனிக்க வேண்டியது வேறு. நிசேயாவுக்காக ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட அதனாசியுஸ், 359ஐ ஒட்டி எழுதிய நூலில், மற்றதையெல்லாம் ஏற்று அந்த ஒரு சொல்லில் மட்டும் தயங்குகிறவர்களை எதிரிகளாக நடத்தக்கூடாது, அவர்கள் நாம் எண்ணுவதையே எண்ணும் சகோதரர்கள் என்றார். சொல்லுக்காக அதிகம் பட்டவர்தான் சொல்லைத் தாண்டிப் பார்க்கச் சொன்னார்.

அந்த நிதானம் நீடிக்கவில்லை. ஆவியானவர் தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்ற வரியில் மேற்குலகம் ‘மகனிடமிருந்தும்’ என்று சேர்த்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் லியோ என்ற போப் அந்தக் கருத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் பிரமாணத்தில் சேர்க்க மறுத்து, சேர்க்கப்படாத பாடத்தை வெள்ளித் தகடுகளில் பொறித்து ரோமில் மாட்டிவைத்தார். இரு நூறு ஆண்டு கழித்து, 1014இல் ஒரு பேரரசரின் முடிசூட்டு விழாவை ஒட்டி ரோமிலும் அது ஏறிவிட்டது. கிழக்கின் கோபத்தில் பாதி இறையியல், மீதி ‘எங்களைக் கேட்காமல் எங்கள் பொதுச் சொத்தில் கைவைத்தாய்’ என்பது. இரண்டாவது பாதியே நீடித்தது என்று நினைக்கிறேன். 1987இல் இரண்டாம் யோவான் பவுலும் கான்ஸ்டான்டினோப்பிள் முதுபெரும் தந்தை திமித்திரியோசும் ரோமில் சேர்ந்து ஓதியபோது கிரேக்கத்தில், அந்தச் சேர்க்கை இல்லாமல் ஓதினார்கள். ஒரு போப்பால் விட்டுவிட முடிகிற சொல்லுக்காகத்தான் அத்தனை நூற்றாண்டு.

கொடுமையின் உச்சம் ரஷ்யா. முதுபெரும் தந்தை நிக்கோன் 1653 முதல், ரஷ்யச் செபநூல்கள் கிரேக்கத்திலிருந்து விலகிவிட்டன என்று திருத்தத் தொடங்கினார். இயேசுவின் பெயரில் ஓர் எழுத்துக் கூடியது. அல்லேலூயா இரண்டு முறைக்குப் பதில் மூன்று முறை ஆனது. பிரமாணத்தில் ‘பிறந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர் அல்லர்’ என்பதில் ‘ஆனால்’ என்று பொருள்படும் ஒற்றை எழுத்து போனது. சிலுவை அடையாளம் இரு விரலிலிருந்து மூன்று விரலுக்கு மாறியது. இவற்றில் எதுவும் எந்தக் கோட்பாட்டையும் அசைக்கவில்லை. கான்ஸ்டான்டினோப்பிள் முதுபெரும் தந்தை பாயிசியோசே நிக்கோனுக்கு அனுப்பிய மறுமொழியில், சிறு வழக்க வேறுபாடுகளால் ஒற்றுமை கெடாது என்று எழுதினார். நிக்கோனும் பிற்பாடு எதிர்ப்பாளர் ஒருவரிடம், பழைய நூலும் நல்லதே புதிய நூலும் நல்லதே, விருப்பப்பட்டதில் வழிபாடு செய் என்றதாகப் பதிவு உண்டு. ஆனால் 1666–67இல் கூடிய மாஸ்கோ சங்கம் நிக்கோனைப் பதவியிறக்கிவிட்டு, அவருடைய திருத்தங்களை மட்டும் வைத்துக்கொண்டது. பழைய வழக்கத்தை விடாத ‘பழைய விசுவாசிகளை’ச் சபித்தது. அந்தப் பழைய வழக்கமோ 1551இல் இன்னொரு ரஷ்யச் சங்கம் ஆணையிட்டு உறுதிசெய்தது. அதாவது, முந்தைய சங்கத்துக்குக் கீழ்ப்படிந்ததே குற்றமாயிற்று.

விளைவு தெரிந்ததுதான். சொலோவெத்ஸ்கி மடத்துத் துறவிகள் 1668 முதல் 1676 வரை அரசப் படையின் முற்றுகையில் இருந்தார்கள். சீமாட்டி மொரோசோவா 1675இல் சிறைக்குழியில் பட்டினியால் இறந்தார். அவ்வாக்கும் என்ற குரு 1682இல் வடகோடியில் எரிக்கப்பட்டார். ஆயிரக்கணக்கானோர் மரக்கோயில்களுக்குள் தாங்களே தீயிட்டு மாண்டார்கள். மாஸ்கோ தலைமைச் சபை அந்தச் சாபங்களை நீக்கியது 1971இல். ஓர் எழுத்துக்காகச் செத்த மூடர்கள் என்று பழைய விசுவாசிகளைச் சொல்வது எளிது. எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. தாத்தாவும் பாட்டியும் ஓதிச் செத்த செபம் பிழை என்று ஒருவன் வந்து சொன்னால், அவன் எழுத்தைத் திருத்தவில்லை; அவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியைப் போடுகிறான். எழுத்துக்காகக் கொன்றவர்களை விட்டுவிட்டு, எழுத்துக்காகச் செத்தவர்களை ஏன் மூடர் என்கிறோம்?

நிக்கோன் தொடங்கிய அதே 1653ஆம் ஆண்டு ஜனவரி 3 அன்று கொச்சிக்கு அருகே மட்டாஞ்சேரியில் தோமா கிறிஸ்தவர்கள், இனி சேசு சபையாருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று கூனன் குரிசு சத்தியம் செய்தார்கள். காரணங்கள் பல, அவற்றின் அடியில் 1599இல் பேராயர் மெனேசஸ் உதயம்பேரூரில் கூட்டிய சங்கம் கிடந்தது. அந்தச் சங்கம் சிரியக் செபநூல்களைத் திருத்தச் சொன்னது, தவறானவை என்று கண்டவற்றை எரிக்கச் சொன்னது. மரியாளைக் ‘கிறிஸ்துவின் தாய்’ என்று சொல்லும் இடங்களில் ‘கடவுளின் தாய்’ வர வேண்டும் என்றது. ‘கிறிஸ்துவின் தாய்’ என்ற பெயரை ஆதரித்த நெஸ்தோரியுசை 431இல் எபேசு சங்கம் கண்டித்ததன் நீண்ட நிழல் இது. 1994 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுலும் அசீரியக் கீழைத்திருச்சபையின் முதுபெரும் தந்தை மார் திங்காவும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை, இரண்டு பெயரும் ஒரே விசுவாசத்தின் முறையான வெளிப்பாடுகள் என்று ஒப்புக்கொண்டது. கேரளத்தில் எரிந்துபோன ஏடுகள் அதனால் திரும்பி வரப்போவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும், சொல்லைச் சட்டமாகப் பிடிப்பவர்கள் சொல்வதில் ஒரு பகுதி சரி. திருமுழுக்கு போன்ற சடங்கில் சொல்தான் செயல். ‘நான் திருமுழுக்கு அளிக்கிறேன்’ என்பதற்குப் பதில் ‘நாங்கள்’ என்று சொன்னால் அது திருமுழுக்கே அல்ல என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட் மறைமாவட்டத்தில் ஓர் இளம் குரு, தம் குழந்தைப் பருவத்து ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தபோது ‘நாங்கள்’ என்று கேட்டது. அவருக்குத் திருமுழுக்கிலிருந்து குருத்துவம் வரை மறுபடியும் நடந்தது. அவர் முன்னர் நிறைவேற்றிய பல திருப்பலிகளும் பாவமன்னிப்புகளும் செல்லாதவையாயின. ஃபீனிக்ஸ் மறைமாவட்டத்தில் இதே பிழையால் ஆயிரக்கணக்கானவர்களின் திருமுழுக்கு கேள்விக்குள்ளானது. திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்து, கூடிநிற்கும் கூட்டமல்ல என்பது வாதம். அது வலுவான வாதமும்கூட. ஆனால் கீழைச் சபைகளில் குரு ‘நான்’ என்றே சொல்வதில்லை, இறைவனின் ஊழியர் இன்னார் திருமுழுக்குப் பெறுகிறார் என்று முடித்துவிடுகிறார். ரோம் அதை ஏற்கிறது. இன்னும் ஒரு படி மேலே: ‘அத்தாய் மாரி’ என்ற பழைய கிழக்குச் சிரிய நற்கருணை மன்றாட்டில், இது என் உடல் என்ற இயேசுவின் வார்த்தைகளே அதன் மூல வடிவில் இல்லை. 2001இல் ரோம் அதையும் செல்லும் என்றது. தன் மரபுக்குள் நின்று சபை சொல்வது ஒன்று, தனியாள் தன் விருப்பத்துக்கு மாற்றுவது வேறொன்று என்று இதை விளங்கிக்கொள்ளலாம். அப்படி விளங்கிக்கொண்டால், காக்கப்படுவது எழுத்தைவிட, ஒருவர் மட்டும் கைவைக்கக் கூடாது என்ற ஒப்பந்தமே.

அந்த ஒப்பந்தத்தைத் தமிழ்ச் சபைகள் எப்படிக் காத்தன? கடவுளுக்கு என்ன பெயர் என்பதிலேயே நாம் உடன்பட்டதில்லை. என்ரீக்கு என்ரீக்கசின் 1578 கொல்லம் அச்சில் அவர் ‘தம்பிரான்’. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘சர்வேசுரன்’ என்றார்கள். தரங்கம்பாடியில் வேதாகமத்தைத் தமிழாக்கிய சீகன்பால்குவும் அதையே எடுத்துக்கொண்டார். பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார், 1871இல் முடிந்த ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்பதை நிலைநிறுத்தியது, 1995இன் திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. பப்ரிசியுசின் மொழிபெயர்ப்பை ரேனியுஸ் திருத்தியபோது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். புரியும் தமிழ் வேண்டும் என்பது ரேனியுசின் வாதம். பப்ரிசியுசின் தமிழில் அழுது பாடிப் பழகிய சபையைக் கேட்காமல் வெள்ளைக்காரர் எப்படித் திருத்தலாம் என்ற கேள்வி சாஸ்திரியாருடையது. இரண்டுக்கும் மதிப்புண்டு. ஆனால் ‘இஸ்பிரீத்து சாந்து’ பரிசுத்த ஆவியாகி, பிறகு தூய ஆவியான கதையில் ரேனியுஸ் பக்கம்தான் நிற்பேன். போர்த்துக்கீசிய உச்சரிப்பில் ஒரு புனிதமும் இல்லை.

இனி அந்தத் தலைப்புச் சொல். பழைய கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒருவரையொருவர் வேதவிரோதி என்று ஏசிக்கொண்டிருந்த காலமெல்லாம், இருவர் வாயிலும் இந்தச் செபம் ‘பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே’ என்றே தொடங்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு ஒன்றிப்பு பற்றி எல்லோரும் பேசத் தொடங்கிய காலத்தில்தான், நல்ல தமிழில் செபிக்க வேண்டும் என்ற நியாயமான ஆசையால் கத்தோலிக்கர் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று நகர்ந்தார்கள். இரு தரப்பு அறிஞரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கத்தோலிக்கர் கையோடு பெரும்பாலும் தங்கிவிட்டது. சீர்திருத்த சபையார் பழைய திருப்புதலை விடவில்லை. இன்று கலப்புத் திருமணத்திலோ அடக்க வீட்டிலோ, இப்போது எல்லோரும் சேர்ந்து செபிப்போம் என்று யாராவது சொன்னால், முதல் சொல்லிலேயே கூட்டம் இரண்டாகிறது. ஒரு பக்கம் நாமம் பரிசுத்தப்பட, மறு பக்கம் பெயர் போற்றப்பெற, நடுவில் நிற்பவர் வாயை மூடிக்கொள்கிறார்.

புதிய வடிவம் மோசமானது என்று சொல்லவில்லை. ‘உமது ஆட்சி வருக’ என்பது ‘ராஜ்யம் வருவதாக’ என்பதைவிடத் தெளிவு, தமிழும் அதிகம். திருப்பலியில் அது இருக்கட்டும். ஆனால் இரு சபையாரும் கூடும் இடங்களில் பழையதைச் சொல்லலாம் என்று ஆயர்களும் பேராயர்களும் சேர்ந்து ஒரு வரி அறிக்கை விட்டால் போதும். 2011இல் ஆங்கிலத் திருப்பலியின் பெரும்பகுதியை ரோம் மாற்றியபோதும், ஆங்கிலிக்கரோடு பொதுவான இந்தச் செபத்தின் பழைய ஆங்கிலத்தைத் தொடவில்லை. நம் கத்தோலிக்கரில் வயதானவர்களுக்கு ‘பரமண்டலங்களிலே’ இன்னும் மனப்பாடம். இளையவர்களுக்கு ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். நடுவில் ஒருவர் ‘கடன்களை மன்னியும்’ என்பார், மற்றவர் ‘பாவங்களைப் பொறுத்தருளும்’ என்பார். சோதனை வரியிலும் ஓசை கொஞ்சம் குழம்பும். ராஜ்யமும் வல்லமையும் வருகிற இடத்தில், தங்கள் பூசையில் பழகியதுதான் என்பதால் கத்தோலிக்கரும் திரும்பச் சேர்ந்துகொள்வார்கள்.